எல்லாப் பக்கமும் ஒரே பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

கூம்பு வந்துவிட்டது. அலுமினியம், உள்ளங்கை அகலம், தலைகீழாகப் பொருத்த வேண்டியது. ஸ்பீக்கர் கீழேயிருந்து மேல்நோக்கிப் பாடும். கூம்பில் பட்டு ஒலி வட்டமாகப் பரவும். முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் கிடையாது. அறையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பாட்டு. மொத்தமும் ஒரு தண்ணீர்ச் செம்பு அளவுக்குள் அடங்க வேண்டுமாம். மேலாளரின் ஆசை. என்னைவிடச் சின்னவர். சந்தோஷம் வந்தாலும் மேசையைத் தட்டுவார், கோபம் வந்தாலும் தட்டுவார். இன்று தட்டினார், எதற்கென்று தெரியவில்லை.

அலுவலகத்துக்கு இது இந்த வருடச் சரக்கு. எனக்குக் காரணம் வேறு. போன வருடம் ஒரு காலையில் என் மனைவி எழுந்தபோது வலது காது கேட்கவில்லை. நரம்பு என்றார் மருத்துவர். மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று, காது திரும்பவில்லை. அன்றிலிருந்து அவள் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டில்லாமல் வெங்காயம்கூட நறுக்காதவள். அவள் மறுபடி கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மைத்துனி வந்திருந்தாள். கூடத்தில் இருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் எங்கே என்றாள். பரணில் என்றேன்.

"ஏன்க்கா, நீயா ஏத்தச் சொன்ன?"

"பாதிதான்டி வருது. ஒரு பக்கம் வயலின் வாசிக்கிறாங்க, எனக்குத் தெரியவே மாட்டேங்குது. தூசி துடைக்கிற வேலையாவது மிச்சம்."

"அத்தான் ஸ்பீக்கர் செய்யறவரு, வீட்டு ஸ்பீக்கர் பரண்ல. நல்லாருக்கு போங்க!"

பாதிதான் வருகிறது என்றால் வழி எளிது. இடம், வலம் என்று பிரிக்காமல் முழுப் பாட்டையும் ஒரே பெட்டியில் வை; எல்லாத் திசையிலும் அனுப்பு. நல்ல காது எந்தப் பக்கம் இருந்தாலும் வந்து சேரும். கணக்கு சரிதானே?

மார்ச் 21, வெள்ளி

கூம்பைத் தாங்கும் மூன்று கால்களும் ஒலியை மறைக்கின்றன. அந்த மூன்று திசையிலும் ஜால்ரா செத்துப்போகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பிடும்போது சொன்னாள்: "பின்னாலேருந்து எவனோ 'மிஸ்'னு கூப்பிட்டான். யாரு, எந்தப் பக்கம், ஒண்ணும் பிடிபடல. மொத்த கிளாஸையும் பார்த்துச் சிரிச்சு வெச்சேன்."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். பாவம் என்று எழுத வந்தது; அவளுக்குப் பிடிக்காத வார்த்தை. எனக்கு வருத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

கால்களை எடுத்துவிட்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் போட்டேன். எதிரொலியே இல்லாத பஞ்சு அறையில், சுழலும் தட்டின்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தோம். திரையில் கோடு வளைந்து வளைந்து போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"காம்பஸ் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார்!" மேலாளர் மேசையைத் தட்டினார். இந்த முறை காரணம் தெரிந்தது.

மே 6, செவ்வாய்

ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தின் நடுவில் முக்காலி, அதன்மேல் ஸ்பீக்கர். அவளுக்குப் பிடித்த பாட்டை வைத்தேன். சமையலறை வாசலில் நின்று கேட்டேன், ஜன்னலோரம் நின்று கேட்டேன். எங்கும் ஒரே மாதிரி. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

அவள் மடியில் கை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்குங்க. ரொம்பத் தெளிவா இருக்கு." எழுந்துகொண்டாள். "பேப்பர் திருத்தணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 7, புதன்

அவள் ஸ்பீக்கரைத் தொடவில்லை.

மே 11, ஞாயிறு

ஏன் மறுபடி பாட்டு வைக்கவில்லை என்று அவளிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது — இல்லை, ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

"சுவத்துலேருந்து வருது, கூரையிலேருந்து வருது. சந்தைக்கடை நடுவுல நிக்கற மாதிரி இருக்கு. பாடறவங்க எங்கேன்னு தேடியே தலை வலிக்குதுங்க."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்க மூஞ்சியப் பார்த்தேன். எப்படிச் சொல்றது?"

இரண்டு காதும் சேர்ந்துதான் ஒலி வரும் திசையைப் பிடிக்கும். சுவரில் பட்டுத் திரும்பி வருவதை ஒதுக்கித் தள்ளும். ஒற்றைக் காது பாவம், எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் நானே எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

இத்தனை மாசம் என்னத்தக் கிழிச்சேன்? பஞ்சு அறையில அளந்தேன். சுவரே இல்லாத மாதிரி ஒரு அறை! வீட்டுல நாலு சுவர் இருக்குடா. அவ காதுல என்ன விழுதுன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? கிளாஸ்ல நடந்ததை வந்து சொன்னாளே, அப்பவாவது புத்தி வேலை செஞ்சுதா?

மே 20, செவ்வாய்

சரக்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். மேலாளர் மட்டும் விடவில்லை: "வீட்டுல மேடம் என்ன சார் சொன்னாங்க?"

"ரொம்பத் தெளிவா இருக்குன்னாங்க."

பொய் ஒன்றும் இல்லை.

மே 25, ஞாயிறு

திருப்பி எடுத்துப் போகலாம் என்று ஸ்பீக்கரைப் பையில் வைத்தேன். "இருக்கட்டும் விடுங்க, நல்ல பொருள்தானே" என்றாள். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முக்காலியிலேயே வைத்தேன்.

ஜூன் 14, சனி

அரைநாள் வேலை. படியேறும்போதே பாட்டுச் சத்தம். பக்கத்து வீடு என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தால் — ஸ்பீக்கருக்குப் பின்னால் என் தலையணை. இரண்டு பக்கமும் சோபா மெத்தைகள். ஸ்பீக்கரின் தலைமேல் என் கம்பளிச் சட்டை, நாலாக மடித்து. திறந்திருந்தது ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், இடது காதைக் கொடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூடவே பாடிக்கொண்டு.

நான் மாதக்கணக்கில் திறந்து வைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்திருந்தாள். இப்போது அளந்தால் கோடு எப்படி வரும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. நிறுத்தினேன்.

"நடுவுல நிக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க."

போனேன். ஒரு போர்வையின் முனையை என் கையில் கொடுத்தாள். மடித்தோம். பாட்டு முடிந்தது. நான் எழுவதற்குள் அடுத்ததை அவளே வைத்துவிட்டாள்.