பாதி திறந்த கதவு

அன்பு மருமகளுக்கு,

பேய்ப் படங்களுக்கு விளக்கு வைத்தே ஏழு கோடிப் பேரைத் தூக்கமில்லாமல் அலையவிட்ட உன் தாய்மாமன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன படத்தில் இயக்குநர் பேய்க்கு நாலு ஒப்பனைக்காரர்களைக் கூட்டிவந்தார். பேயே வேண்டாம் என்றேன். கதாநாயகியை ஓர் ஓரத்தில் உட்காரவைத்து, மறு ஓரத்தில் கதவைப் பாதி திறந்து, அதற்குப் பின்னால் ஒரே ஒரு சின்ன விளக்கு. தியேட்டரில் அவள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் கதவில். தயாரிப்பாளர் இன்னும் தன் வீட்டுக் கதவைத் தொடுவதில்லையாம், ஜன்னல் வழியாகத்தான் போக்குவரத்து! யாரோ வருவது போலவே இருக்க வேண்டும், வரக்கூடாது. தொழில் அவ்வளவுதான்.

அதே காட்சியை இப்போது உங்கள் வீட்டில் தினமும் பார்க்கிறேன். உன் அம்மா கதவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்குக் கண் நரம்பு பட்டுப்போய்விட்டது. சுற்றிலும் இருண்டு, நடுவில் ஒரு தட்டளவுதான் தெரிகிறது. அதுவும் மழைக்காலம்வரை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். உன்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். போகட்டும், தலை என்னுடையதுதானே.

தடுக்கி விழக்கூடாதென்று நடையில் தரையோடு ஒரு விளக்கு வைத்தேன். தொழில் புத்தி! கீழிருந்து வெளிச்சம் விழுந்தால் எந்த முகமும் பேய் முகம். என்னைப் பார்த்து அவள் போட்ட அலறலில் நாலு தெரு கூடிவிட்டது. கையிலிருந்த சொம்பு என் நெற்றியில். "எரும, நீயாடா?" என்று சிரித்தாள். அப்புறம் மெதுவாக, "அவ வந்தா எங்கடா உக்காருவா? அங்க நல்லா வெளிச்சம் போட்டு வை" என்றாள்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு, எதிரே வெள்ளைத் துணி கட்டினேன். துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் நிழலே விழவிடாது. ஒத்திகைக்கு என்னை உட்காரவைத்தாள். "மூக்கு தெரியுது. இன்னும் கொஞ்சம் திரும்பு" என்று கன்னத்தைத் தடவினாள். இன்னும் கொஞ்சம் திரும்பினேன்.

சும்மா லீவு கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வா, கண்ணு. எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அழாதே, முகம் கலைந்துவிடும். அவள் பார்த்து முடிக்கும்வரை எழுந்திருக்காதே.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா