சந்தனம் வைத்த சிடி

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஆகஸ்ட் 9

அன்புள்ள மேக்னாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் வலது முழங்கால் தவிர. ஹெல்சின்கியில் நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருப்பதாக நம்புகிறேன், நம்பச் சொல்வதும் நீதான். நீ கேட்ட தீவு விளையாட்டின் சிடி கிடைத்துவிட்டது. கம்பெனி பத்து வருஷத்துக்கு முன் மூடிவிட்டுப் போன ஆன்லைன் விளையாட்டை நீங்கள் நாலைந்து பேர் சம்பளமில்லாமல் மறுபடி எழுதி, எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றதும், இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்றார் அப்பா. தீவின் படங்களெல்லாம் பழைய சிடியில்தான் இருக்கின்றன, அது இல்லாவிட்டால் வெறும் கறுப்புத் திரைதான் என்று நீ சொன்னதும் பரண் முழுவதையும் இறக்கிப்போட்டவரும் அவர்தான்.

சிடி பரணில் இல்லை, பூஜை அலமாரியில் இருந்தது. பிளஸ் டூ பரீட்சையின்போது உன்னிடமிருந்து பிடுங்கி அங்கே பூஜைப் புத்தகங்களோடு வைத்தேன். விளையாட்டு ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டது எனக்குத் தெரியாது, நீயும் மூச்சு விடவில்லை, கள்ளி. கோபிக்காமல் படி. நவராத்திரி சரஸ்வதி பூஜைக்கு ஒருமுறை, வங்காளிகளின் வசந்த பஞ்சமி பூஜைக்குக் கீழ்வீட்டு பிரியம்வதா பௌதியோடு ஒருமுறை என்று வருஷா வருஷம் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறேன். பளபளக்கும் பக்கம்தான் முகம் என்று நினைத்துவிட்டேன். சந்தனம் அதன்மேல் ஓடு ஓடாகக் காய்ந்து கிடந்தது. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா வெந்நீரும் பழைய வேட்டித் துணியுமாக ஒரு நாள் பூராவும் துடைத்தார். பௌதியின் பழைய கம்ப்யூட்டரில் போட்டால் முதலில் உறுமியது, பிறகு ஒவ்வொன்றாக வந்துவிட்டது. மழைச் சத்தம் உள்ள பைல் மட்டும் வரவில்லை. அதற்கு அப்பா நம் பால்கனி மழையை போனில் பிடித்துச் சேர்த்திருக்கிறார், நடுவில் குக்கர் விசில் கேட்கும், வெட்டிக்கொள். எல்லாம் பென் டிரைவில் இத்துடன் வருகிறது.

இனி எழுதப்போவது அப்பாவுக்கும் தெரியாது. நீ திருச்சி ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, முப்பது நாள் ஆள் வராத வீட்டைத் தீவில் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று அழுதாயே, எனக்கு மனசு கேட்கவில்லை. பாஸ்வேர்டு உன் கெமிஸ்ட்ரி நோட்டின் பின்அட்டையில் இருந்தது. அமாவாசைக்கு அமாவாசை முப்பது நாள் தாண்டாதல்லவா, அப்பா தர்ப்பணம் முடித்துக் கிடர்பூர் ஆபீஸுக்கு பஸ் ஏறியதும் உன் பெயரில் உள்ளே போவேன். விளையாடத் தெரியாது. நீலக் கதவைத் திறந்து ஒரு சுற்று நடந்துவிட்டு, ஜன்னலோரம் கொஞ்சம் நின்றுவிட்டு வருவேன். கம்பெனி மூடிய மாதம்வரை ஒரு அமாவாசையும் விடவில்லை. கடைசிவரை அது உன் வீடாகத்தான் இருந்தது.

தலைக்கு எண்ணெய் வை. கையில் எடுத்த இந்தக் காரியம் நல்லபடி முடிந்து நாலு பேர் மெச்ச நீ நூறு வயது இருக்கவேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. உன்னுடையது நம் கம்ப்யூட்டரில் ஓடும் பாதி, வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் சர்வர் பாதியை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள் என்றாயே, அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். அந்த முப்பது நாள் விதியை மட்டும் எடுத்துவிடட்டும். பிள்ளைகள் வீட்டுக்கு வர சில சமயம் இரண்டு வருஷம்கூட ஆகிறது.

உன் அம்மா,
விசாலம்