ஆதரவுக் கடிதத்தில் ஒரு வரி

மைனாட்,
மார்ச் 4

அன்பு மார்கிட்டுக்கு,

நீ கூட்டரசு நீதிபதியாவதை ஆதரிப்பதென்று எங்கள் மாநிலச் சிறு வணிகர் சங்கம் நேற்று பதினொன்றுக்கு எட்டு வாக்கில் முடிவுசெய்தது. ஜனாதிபதி உன் பெயரை அறிவித்த நாளிலிருந்து இதற்காகத்தான் அலைந்தேன். உன்னை விசாரித்து ஒப்புதல் தரவேண்டிய செனட் குழுவுக்குப் போகிற கடிதத்தைத் தலைவர் என்ற முறையில் நானே எழுதினேன். நகல் இத்துடன்.

லேசில் நடக்கவில்லை. இரும்புக்கடை டெல்பர்ட் எழுந்து, நீ காலமெல்லாம் தொழிலாளிகளுக்கே வாதாடினவள் என்றான். "அவ வந்தா நமக்கு என்ன கிடைக்கும், அதச் சொல்லு." நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "மார்கிட் நண்பர்கள மறக்கிறவ இல்ல." கைகள் உயர்ந்தன. அதையே கடிதத்திலும் போட்டிருக்கிறேன். டயர் விற்கிறவனுக்கு ஒருவரைப் பற்றி இதைவிட உயர்வாகச் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் அனுப்புகிறேன். பனி இன்னும் விடவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் ஆர்வில்


ஃபார்கோ,
மார்ச் 8

ஆர்வில்,

நகலை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண் கலங்கியது. இரண்டாம் முறை 'நண்பர்களை மறக்கிறவள் இல்லை' என்ற வரியில் நின்றுவிட்டேன்.

அந்த வரியை ஒரு செனட்டர் விசாரணையில் உரக்கப் படித்துவிட்டு, "அம்மா, நீங்கள் மறக்காத நண்பர்கள் யார் யார்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைத் தெரியும்; நீ அன்பாகத்தான் எழுதினாய். ஆனால் அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பதவி கிடைக்காமல் போய்விடும்.

எழுதுவதென்றால் ரே பிகாட் வழக்கை எழுது. முடியாதென்றால் கடிதமே வேண்டாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். போனில் பேசாதே. நாளை யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி எல்லாம் தாளில் இருக்கட்டும்.

மார்கிட்


மைனாட்,
மார்ச் 19

மார்கிட்,

நீ கேட்டது சின்ன விஷயம் இல்லை. முதுகு ஒடிந்த என் கிடங்குக்காரன் ரேயை வேலையை விட்டு அனுப்பினேன். அவனுக்காக நீ வாதாடி ஜெயித்தாய். என் வக்கீல் சொதப்பியதால் தோற்றேன் என்று பதினெட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிவந்தவன் நான்.

நேற்று கூட்டத்தைத் திரும்பக் கூட்டினேன். "என்னய்யா, டயர்ல காத்து போயிடுச்சா?" என்றான் டெல்பர்ட். எல்லாவற்றையும் சொன்னேன். வழக்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கு உன்ன விடமாட்டேன்" என்று நீ சொல்லிப் போனதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. திரும்ப வாக்கெடுத்தோம்: பத்துக்கு ஒன்பது. பத்தாவது கை டெல்பர்ட்டுடையது. போன தடவை எதிர்த்தவன்.

பழைய வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது இருப்பது: "இவர் நீதிமன்றத்தில் என்னைத் தோற்கடித்தார். தோற்கவேண்டியவன் நான்தான்."

இன்று தபாலில் சேர்த்தாயிற்று.

ஆர்வில்


மைனாட்,
ஜூன் 12

மாண்புமிகு நீதிபதிக்கு (ஒரு தடவையாவது இப்படி எழுதிப் பார்க்க ஆசை),

செனட்டில் ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தாறு என்று வந்ததும் கடையில் எல்லோரும் கைதட்டினோம். மாலையில் ரே பிகாட் வந்து கைகொடுத்துவிட்டுப் போனான். அந்த வழக்குக்குப் பிறகு என் கடைப் படியை அவன் மிதித்தது இதுதான் முதல் தடவை.

உன் கடிதமும் வந்தது. நீ கேட்டதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். நீ சொன்னபடியே எழுத்திலேயே வைக்கிறேன். பதவி உனக்கு ஆயுள்வரை, ஆகவே இதுவும் அதுவரை.

என் கடை வழக்கோ சங்கத்து வழக்கோ உன்னிடம் வந்தால் நீ விலகிக்கொள்வாய். எந்த வழக்கைப் பற்றியும் நான் உன்னிடம் வாய் திறக்க மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புகிற பன்றித்தொடை இறைச்சி இனி கிடையாது. உன் காருக்கு டயர் வேறு கடையில். நவம்பரில் தேவாலயத்து மீன் விருந்தில் மட்டும் எப்போதும்போல ஒரே மேஜை. தட்டு இருபத்திரண்டு டாலர். உன் தட்டுக்கு நீ, என் தட்டுக்கு நான்.

ஆர்வில்