எட்டு நாற்காலியில் இரண்டு

என் பிரியமுள்ள சரோஜா அண்ணிக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணி என்று எழுதிவிட்டு நீ, வா, போ என்று தொடங்குகிறேன் பார். ஒரே வயசு நமக்கு. நீ கல்யாணமாகி வந்த புதிதில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியவள்தானே நான். இன்றைக்கு உன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கத்தான் எழுதுகிறேன். அதனால் மரியாதையை எதிர்பார்க்காதே.

முதலில் நல்ல சேதி. ரேணிகுண்டா ரோட்டில் உன் பழைய இரும்புக் கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது. அண்ணன் குவைத்தில் இருந்தபடியே வாரத்துக்கு ஒரு தரம் போனில் கடையை மூடுகிறான். நான் மறுநாள் காலையில் திறந்துவிடுகிறேன். "ஸ்ரீ சிட்டி கம்பெனி பஸ்ஸு நம்ம கட வாசல்லயே வந்து நிக்குது. கேண்டீன்ல வேல கீதாம். போயேன்" என்கிறான். இத்தனை வருஷம் இரும்போடு கிடந்துவிட்டு இனிமேல் யாருக்கு இட்லி ஊற்றப் போகிறேன்?

நீ எடுத்து வைத்த தோட்டத்து நாற்காலிகள்தான் கொட்டகையில் பாதி. பிளாஸ்டிக் நாற்காலி வந்த புதிதில் ஊரே இரும்பு நாற்காலியைத் தூக்கிப் போட்டது நினைவிருக்கிறதா? பிறகு, பிள்ளைகள் அமெரிக்கா போன வீடுகள் சித்தூரிலும் திருப்பதியிலும் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. பங்களாவை இடித்து அபார்ட்மெண்ட் கட்டினார்கள். தோட்டத்தில் கிடந்த மேஜை, நாற்காலி, பெஞ்சு எல்லாம் எடைக்கு நம் கடைக்கு வந்தன. மற்ற கடைக்காரர்கள் சம்மட்டியால் உடைத்து லாரியில் ஏற்றினார்கள். நீ மட்டும் ஒதுக்கி வைத்தாய். கேலி பேசியவர்களிடம், "கழுதைக்கு இன்னா தெரியும் கற்பூர வாசன" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய்.

ஒரு நாற்காலி வந்தால் நீ முதலில் அதன் அழகைப் பார்க்க மாட்டாய், தலைகீழாகக் கவிழ்ப்பாய். வெள்ளைக்காரன் காலத்து வார்ப்பிரும்பு என்றால் இலையும் கொடியும் கூர்மையாக இருக்கும், தடவினால் மழமழவென்று வரும். இப்போது ஊற்றுவது மணல் மணலாக உறுத்தும். காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம், அது பிற்பாடு வந்தது. மிஷன் பங்களாவிலிருந்து வந்தவை வளைந்த குழாய் நாற்காலிகள். பின்னங்கால் கிடையாது, தகட்டு முதுகு சிப்பி போல விரிந்திருக்கும், உட்கார்ந்தால் லேசாக ஆடும். ரயில்வே ஆபீசர் வீட்டுது பட்டைக் கம்பியை ரிவிட் அடித்துச் சேர்த்தது. அதில் வெல்டிங் தழும்பு தெரிந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. "ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்பாய். பக்கத்தில் நின்று நான் திருடிக்கொண்டதுதான்.

மெட்ராஸ் பக்கம் கடலோரமாக ஹோட்டல் வைத்திருக்கிறாரே மோகன் சார், எப்போதும் உன்னிடமே வாங்குவாரே, அவர் போன மாதம் வந்தார். புதுக் கட்டடம் முடிந்துவிட்டதாம். நீ அவருக்கென்று பேசி வைத்திருந்த எட்டு நாற்காலிக்காக வந்தார். "எட்டும் ஒரே வூட்டுது சார், சித்தூர் டாக்டர் பங்களா" என்று நீ அவரிடம் சொன்னபோது நானும் கூடத்தான் இருந்தேன்.

அவர் வருவதற்கு நாலு நாள் முன்னால் ஆயுத பூஜை. நீ போன துக்கத்தில் போன வருஷம் பண்டிகை இல்லை. இந்த வருஷமாவது ஒரு குறை இல்லாமல் செய்ய வேண்டும் என்று தராசு, சம்மட்டி, கட்டர் எல்லாவற்றையும் கழுவிப் பெயிண்ட் அடித்தேன். ரேணிகுண்டா பட்டறைகளில் இரும்பென்று ஒன்று இருந்தால் அன்றைக்கு அது பளபளக்க வேண்டாமா? அதே வேகத்தில் உன் எட்டு நாற்காலிக்கும் சில்வர் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டேன். அடிப்பக்கத்தைக்கூட விடவில்லை. சிரிக்காதே.

மோகன் சார் சிரிக்கவில்லை. "என்னம்மா இது? புதுசா ஊத்தின டூப்ளிகேட்ட என் தலையில கட்டப் பாக்குறீங்களா? சரோஜாம்மா இருந்தா இப்படி நடக்குமா?" என்றார். மேலே பெயிண்ட்தான் புதுசு என்றேன், நம்பவில்லை. ஸ்க்ரூ தலையைக்கூடப் பெயிண்ட் மூடியிருந்ததே, எதைக் காட்டுவது? "பத்து நாள் குடுங்க சார். எங்க அண்ணி சொன்னது பொய்யின்னு ஆச்சுன்னா கடைய மூடிக்கினு போய்டறேன்" என்று சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்று என்னைச் சொல்வாயே, அதுதான்.

பிளேடும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாற்காலியிலும் அடியில் காலணா அகலத்துக்குச் சுரண்டினேன். என் சில்வருக்குக் கீழே கிரீம், அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே செம்மண் நிறத்தில் முதல் பூச்சு. ஸ்க்ரூ தலையில் அந்தக் காலத்து ஒற்றைக் கோடு. இத்தனை காலம் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் பின்னங்கால்கள் மட்டும் தேய்ந்திருந்தன. இப்படியே ஆறு நாற்காலி. ஆறாவது முடிந்ததும் உன் பேரைச் சொல்லி வாய்விட்டு நன்றி சொன்னேன்.

ஏழாவதில் சில்வருக்குக் கீழே கிரீம். கிரீமுக்குக் கீழே வெறும் இரும்பு. இந்தக் காலத்து ஸ்டார் ஸ்க்ரூ. நாலு காலும் ஒரே மட்டம். எட்டாவதும் அப்படியேதான் இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நேராக வார்ப்பட்டறை ரமணய்யாவிடம் போனேன். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "நான் ஊத்துனதேம்மா. பழைய சேரு ஒண்ணு குடுத்து, இதே மாதிரி ரெண்டு காவாலி, வேணும்னாங்க. எதுக்குன்னு நாக்கு தெலீது, தெரியாதும்மா. சரோஜாம்மாவ யாரு கேக்க முடியும்?" என்றார், தெலுங்கும் தமிழும் கலந்து.

அண்ணி, எனக்கு அழுகையும் வந்தது, ஆனால் கோபம்தான் முதலில் வந்தது. ஏன் செய்தாய்? ஆறுதான் கிடைத்தது, மேஜையைச் சுற்றி எட்டுப் போட்டால்தான் அழகு என்று செய்தாயா? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்து, அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாயா? இல்லை, எவன் கவிழ்த்துப் பார்க்கப் போகிறான் என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே.

அண்ணனிடம் போனில் சொன்னேன். "செத்தவள ஏன்டி சந்திக்கு இழுக்கிற? எட்டையும் தள்ளி வுட்டுட்டுப் போய்க்கினே இரு. வேலில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காத" என்றான். உன் மேல் அவனுக்குள்ள பாசம் அது, தப்புச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆறைச் சுரண்டிக் காட்டினால் போதும், மற்ற இரண்டை அவர் கேட்கவே மாட்டார். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, நாளைக்கு நான் எந்த முகத்தோடு இன்னொரு நாற்காலியைக் கவிழ்த்து, இது பழசு என்று சொல்வேன்?

பத்தாம் நாள் மோகன் சார் வந்தார். எட்டையும் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். ஆறைக் காட்டினேன். குனிந்து தடவிப் பார்த்துத் தலையாட்டினார். "மீதி ரெண்டும் எங்க அண்ணி இங்கியே ஊத்த வெச்சது சார். புதுசு. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றேன். ஆமாம் அண்ணி, உன்னைக் காட்டிக்கொடுத்தேன்.

அவர் அந்த இரண்டின் ஸ்க்ரூவையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப இத்தன வருஷமா நான் சரோஜாம்மாகிட்ட வாங்கினதெல்லாம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் ஹோட்டல் தோட்டம் முழுக்க உன்னிடம் வாங்கியவைதானாம். நான் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தெரியாது சார். சொன்ன மாதிரி கடைய மூடிடறேன்" என்றேன். "மூட வேணாம்மா. நீங்களே வந்து எல்லாத்தையும் கவுத்துப் பாத்து சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்" என்றார். ஆறு நாற்காலியையும் அன்றே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மற்ற இரண்டும் கடை முன்னால் கிடக்கின்றன. முதுகில் 'புதுசு' என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். பிச்சாட்டூர்க்காரர் ஒருவர் அதுதான் உறுதியாக இருக்கிறது, அதையே கொடு என்று நச்சரிக்கிறார். உலகத்தைப் பார்த்தாயா?

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அவர் ஹோட்டலுக்குக் கிளம்புகிறேன். எல்லாம் பழசாகவே இருக்கட்டும் என்று ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன். ஆனால் இதில் அவன் கையில் என்ன இருக்கிறது? நீ எப்போதோ செய்து முடித்த காரியம்.

பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொன்றாகக் கவிழ்ப்பேன். பழசென்றால் அந்த ஹோட்டலில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். புதுசென்றால் அதையும் சொல்லி, கையோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுவருவேன். எத்தனை திரும்பி வந்தாலும் சரி, கடைப் பலகையில் இருக்கிற உன் பேரை அழிக்க யாரையும் விட மாட்டேன். அந்தப் பேருக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

உன்னோடு சண்டை இன்னும் தீராத,
உன் நாத்தனார்
வள்ளியம்மா
ரேணிகுண்டா