புரொப்பெல்லரில் ஒரு கட்டைவிரல்

இன்று காலை ஷெட்டைத் திறந்ததும் பெயின்ட் கரைக்கும் தின்னர் வாசம் முகத்தில் அடித்தது. நேற்று மாலை யாரோ டப்பாவைச் சரியாக மூடவில்லை. யார் என்று கேட்கத் திரும்பினேன். பிறகு கேட்காமல் நானே மூடியை அழுத்தி மூடினேன். நீங்கள் இருந்திருந்தால், "என்ன கான்வென்ட், உடம்பு சரியில்லையா?" என்று, நான் கான்வென்டில் படித்ததை வைத்துக் கேலியாகக் கேட்டிருப்பீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதை உங்களைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியாது.

இந்த வாசத்தோடுதான் நீங்கள் தினமும் கள்ளிக்குப்பம் வீட்டுக்குள் நுழைவீர்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறையைக் காட்டுவேன். கடலே கண்ணில் படாத அம்பத்தூர் எஸ்டேட்டில், படகுகளின் புரொப்பெல்லருக்கும் அதைச் சுழற்றும் தண்டுக்கும் பூச்சு பூசப் போகிறேன் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். "காசிமேட்டுல கடல் இருக்கு. மணல் அடிக்கிற மெஷின் இங்கதானே இருக்கு?" என்றீர்கள். சிரிப்பதை நிறுத்துவதற்காகவே என்னை ஒரு நாள் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனீர்கள். கரையேற்றிய ஒரு படகின் புரொப்பெல்லரைக் காட்டினீர்கள். உலோகமே தெரியவில்லை. சுண்ணாம்புக் கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டியதைப் போல எங்கும் சிப்பி. பார்னக்கிள் என்று பள்ளியில் படித்தது அதைத்தான்.

"குட்டியா நீந்தி வரும். ஒரு எடத்துல தலைய ஒட்டிக்கிச்சுன்னா ஆயுசுக்கும் அங்கதான்" என்றீர்கள்.

"என்னைப் போல" என்றேன். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது ஏறிவிட்டால் படகு டீசலைக் குடிக்கும், வேகம் எடுக்காது, தண்டு அதிரும் என்று விளக்கினீர்கள். உங்கள் பூச்சில் சிப்பியைக் கொல்லும் விஷம் கிடையாது. அது வெறுமனே வழுக்கும். வந்து ஒட்டும் சிப்பிக்குப் பிடி கிடைக்காமல், புரொப்பெல்லர் சுழன்றதும் உதிர்ந்துவிடும். ஆனால் எதையும் ஒட்டவிடாத அந்தப் பூச்சு உலோகத்தை மட்டும் விடாமல் பிடித்திருக்க வேண்டுமே. அதற்காகத்தான் உலோகம் சொரசொரக்க மணல் அடிப்பது, தின்னரால் துடைப்பது, அடியில் ஒட்டுப்பூச்சு கொடுப்பது எல்லாம். துடைத்த பிறகு வெறுங்கை படக்கூடாது. விரலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசை போதும், அந்த இடத்தில் பூச்சு உரிந்து வர. "உலோகத்துக்கு எல்லார் கையும் அழுக்குக் கைதான்" என்பீர்கள்.

எனக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போனது. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபின் நானும் ஷெட்டுக்கு வரத் தொடங்கியபோது, அதையே ஒரு சடங்காக்கிவிட்டேன். பள்ளியில் காலை ஜெபத்துக்கு முன் சிஸ்டர் எங்கள் நகங்களைப் பார்ப்பதைப் போல, ஆட்கள் எல்லாரும் வாசலில் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் என்னிடம் காட்ட வேண்டும். பிறகுதான் கையுறை. பூச்சு வேலை முழுவதையும் செய்யும் டில்லிதான் முதலில் நிற்பான்.

"இன்னா மேடம், கைரேகையா பாக்குறீங்க? எனக்கு ரெண்டாங் கல்யாணம் கீதானு பாத்துச் சொல்லுங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். தோள் மட்டும் குலுங்கும்.

உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் தினமும் மாலையில், மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெயைத் தொட்டு உங்கள் நெற்றியில் சிலுவை போடுவேன். ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே, "போச்சு. இனிமே என்மேல பெயின்ட் ஒட்டாது" என்றீர்கள். எதற்குத்தான் கேலி என்று இல்லையா என்று கோபித்துக்கொண்டேன். எத்தனை தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குத்தான் அது வெறும் கேலியாகக் கேட்டது.

நீங்கள் போனபின் வந்த முதல் வேலை சேவியருடைய படகின் புரொப்பெல்லர். டில்லி மணல் அடித்து, துடைத்து, ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தான். ஒட்டுப்பூச்சைக் கலக்குவதற்கு முன் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பூச்சு பூசுவதற்கு முன், கையுறை போட்ட விரலால் ஓர் இறக்கையைத் தட்டி, "போய்ட்டு வா" என்பது உங்கள் வழக்கம். அன்று அதைச் சொல்ல ஆளில்லை. எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. கைப்பையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த எண்ணெய்க் குப்பி இருந்தது. ஓர் இறக்கையில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன்.

துக்கத்தில் விதி மறந்துபோயிற்று என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. அது டில்லியின் கைக்கான விதி, என் கைக்கு அல்ல என்று நினைத்தேன்.

மழைக்காலம் போய், சேவியர் படகைக் கரையேற்றிவிட்டுப் போன் செய்தார். "புரொப்பெல்லர்ல சிப்பி ஏறிக்கீதும்மா, வந்து பாருங்க." குரலில் ஒரு படபடப்பு இருந்தது. அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் டில்லியைக் கூப்பிட்டேன்.

"அய்யா போனதும் இஷ்டத்துக்குப் பூசுறியா? அவர் பேரையே கெடுத்துட்டியே. இனிமே பூச்சு வேலையில நீ கை வைக்க வேண்டாம்."

"மேடம், தொடச்சதும் நான்தான், பூசுனதும் நான்தான். சத்தியமா வெறும் விரல் படல."

"சத்தியம் பண்ணாதே" என்றேன். அவன் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். என்னோடு வந்து பார் என்று அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

துறைமுகத்தில் படகின் பின்புறம் கூட்டமாக இருந்தது. தரையில் மெழுகுவத்திகள். இரண்டு இறக்கைகள் நேற்றுப் பூசியவை போலப் பளபளத்தன. மூன்றாவதில், விளிம்பு பிய்ந்த ஒரு சிலுவை. முழுக்கச் சிப்பி.

"பாத்தீங்களாம்மா? எனக்குன்னு மாதா காட்டிக்கீறா!" சேவியரின் கண்கள் கலங்கியிருந்தன.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூட்டுவாதத்தில் என் கட்டைவிரல் கோணிவிட்டதல்லவா? நான் போடும் குறுக்குக்கோடு வலப்பக்கம் சரியும். உங்கள் நெற்றியிலும் அப்படித்தான் சரிந்திருக்கும். சிப்பிகளும் அதே சரிவில் நின்றன.

டில்லி பெருமூச்சு விட்டான். "தப்பிச்சேன்டா சாமி. மேடம், இது நம்ம கையில இல்ல. மேல கீறவர் வேல!"

நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். சேவியருக்கு ஓர் அற்புதம், டில்லிக்கு விடுதலை, எனக்கு மரியாதை. நான் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டேன். பூசியது எங்கள் ஷெட் என்று தெரிந்ததும், ஒரு பெண் என் வலக்கையைப் பிடித்து, "புண்ணியமான கைம்மா" என்று முத்தமிட்டாள். அதையும் வாங்கிக்கொண்டேன். எண்ணெய் வைத்ததைவிட, டில்லியை ஏசியதைவிட, அந்த முத்தம்தான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போது சேவியர், இதைச் சுரண்டக் கூடாது, இப்படியே கடலுக்குப் போகட்டும் என்றார்.

டில்லி முன்னால் போனான். "அண்ணாத்தே, ஒரு எறக்க மட்டும் கனமா இருந்தா தண்டு ஆடும். தண்டத் தாங்குற புஷ் தேஞ்சிடும். அப்பால தண்ணி உள்ள வரும். ஆளுங்க போற படகு அது."

"மாதா பாத்துக்குவா, நைனா. நீ ஒன் வேலையப் பாரு."

"இதான் என் வேல" என்று தொடங்கியவன், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "எனக்கு இன்னா? நான்தான் கை வைக்கக் கூடாதே."

அந்தப் படகில் சேவியரின் மகன் போகிறான். நடுக்கடலில் தண்ணீர் ஏறினால் என் மரியாதை மிதந்து வந்து அவனைத் தூக்காது.

"சேவியர், அது மாதா போட்டதில்லை. நான் போட்டது" என்றேன். எண்ணெய், கையுறை இல்லாத கை, டீ நேரம், டில்லிக்கு எதுவும் தெரியாது என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். நிரூபிக்க வேண்டியிருந்ததால், என் கோணல் விரலை அந்தச் சரிவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். முத்தமிட்ட பெண் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள்.

சேவியர் விடவில்லை. "எண்ணெய் வச்சது நீங்க, சரி. சிப்பிய சிலுவையா நிக்க வச்சது யாரு?"

"எண்ணெய் கீற எடத்துல பெயின்ட்டு நிக்காது, அண்ணாத்தே. பெயின்ட்டு இல்லாத எடத்துல சிப்பி ஏறும். அவ்ளோதான்" என்றான் டில்லி, மெதுவாக. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் சொன்னதும் அதுதானே.

யாரோ குனிந்து மெழுகுவத்தியை ஊதி அணைத்தார்கள். சேவியர் சுரண்டியைக் கேட்டு வாங்கி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, தானே சுரண்டினார். நான் கடைசிவரை நின்று பார்த்தேன். உட்கார நாற்காலி கொண்டுவந்தார்கள்; உட்காரவில்லை.

புரொப்பெல்லரைக் கழற்றி வண்டியில் ஏற்றித் திரும்பும்போது, பாடி மேம்பாலத்தில் நெரிசலில் நின்றோம். "மன்னிச்சிடு, டில்லி" என்றேன். அந்த வார்த்தையை உங்களிடம்கூட நான் அதிகம் சொன்னதில்லை.

"வுடுங்க மேடம். அய்யா இருந்தா வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பாரு" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்பத்தூர் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. மன்னித்துவிட்டான் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆட்கள் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். போய் வரிசையின் தலையில் நின்று, என் இரண்டு கைகளையும் டில்லியிடம் நீட்டினேன்.

"ஐயே, இன்னா மேடம் இது?" என்று அவன் கூரையைப் பார்த்தான். அன்றிலிருந்து தினமும் நீட்டுகிறேன். தினமும் அவன் கூரையைப் பார்த்து, "சரி, சரி, போங்க" என்பான்.

இன்று சேவியரின் புரொப்பெல்லர் மணல் அடித்து, துடைத்து, ஸ்டாண்டில் நிற்கிறது. தின்னர் டப்பாவை மூடிவிட்டு வந்து கைகளை நீட்டினேன். டில்லி கூரையைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தான். திருப்பச் சொன்னான், திருப்பினேன்.

"நகம் வளந்துகீது, மேடம்" என்றான்.

சுவர்ப்பக்கமிருந்து யாராவது சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசைக்குப் போய், உங்கள் இழுப்பறையிலிருந்து நகவெட்டியை எடுத்தேன். கட்டைவிரலிலிருந்து தொடங்கினேன்.