எந்த இளவரசனுக்காக அழுவது

விழுப்புரம்
21-8-1958

சௌபாக்கியவதி செண்பகத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பதை உன் கையெழுத்திலேயே பார்க்க ஆசை. ஜாம்ஷெட்பூரில் மழை விட்டதா, உடம்பு தேறியதா என்று எழுது. இங்கே முக்கியமான சேதி, உன் அப்பா ஒரே புயலில் நான்கு இளவரசர்களைக் கடலில் மூழ்கடித்துவிட்டார்.

திண்டிவனத்தில் அச்சுக்கூடம் வைத்து மாதப் பத்திரிகை நடத்தும் தேவசகாயத்துக்கு நான் மாயாஜாலத் தொடர்கதை எழுதுவது உனக்குத் தெரியும். அதில் விக்கிரமசேனன், விஜயசேனன், வீரசேனன், விமலசேனன், வித்யாசேனன் என்று ஐந்து இளவரசர்கள். ஐந்து பேரும் அழகர்கள், ஐந்து பேரும் வீரர்கள், அதற்கு மேல் அவர்களைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் வரச்சொல்லியிருந்தார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பாசஞ்சரில் போய் இறங்கினேன். அவர் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், நாலாவது மாசம் முதலை முழுங்கின ஆளு ஆறாவது மாசம் தாலி கட்டறாரு. அச்சு கோக்கிறவர் இது பேய்க் கல்யாணமான்னு கேக்கறாரு" என்றார். மாயாஜாலக் கதையில் எதுவும் நடக்கலாமே என்று நான் சமாளித்தேன். அதற்கு அவர், "குதிரை பறக்குதுன்னு எழுதினா நம்பறாங்க சார். அந்தக் குதிரை மேல யாரு குந்திக்கினு இருக்கறதுன்னுதான் தெரியாம பேஜாராப் போறாங்க" என்றார். கண்டாச்சிபுரத்திலிருந்து பூமாலை என்கிற வாசகர் போட்ட கார்டையும் காட்டினார். எந்த இளவரசனுக்காக அழவேண்டும் என்று ஆசிரியர் முன்கூட்டியே தெரிவித்தால் உதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். சரிப்படுத்துங்கள், இல்லையென்றால் அடுத்த மாதத்தோடு முடித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார் தேவசகாயம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், கதை எப்படித்தான் இருக்கிறது என்று முதல் தடவையாகக் கேட்டேன். ஏழு மாதமாக நான் படிக்கப் படிக்க அவள் பேசாமல் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்ததை மெய்ம்மறந்து கேட்கிறாள் என்றே நினைத்திருந்தேன் அம்மா. கொட்டாவியைக்கூட வியப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவளோ, "அஞ்சு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கறானுங்க. ஒருத்தனுக்கும் ஒரு கொறையும் இல்ல, எவன் செத்தா எனக்கென்னா? அந்தப் பூதம்தான் பாவம். முந்நூறு வருசமா கெணத்தக் காத்துக்கினு நிக்குது, ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூடாதுன்னு சாபம். தாகமா இருக்குதான்னு ஒருத்தனாச்சும் கேட்டானா?" என்றாள். அந்தப் பூதம் பக்கத்தை நிரப்ப நான் எழுதியது.

மறுநாள் நான்கு சேனன்களைக் கடலில் விட்டுவிட்டு, மிஞ்சியவனைக் கிணற்றடிக்கு அனுப்பி, உனக்குத் தாகமா என்று கேட்கவைத்தேன். பூதம் என்ன பதில் சொல்லும் என்பது மட்டும் வரவில்லை. உன் அம்மாவைக் கேட்டேன். "உடனே ஒண்ணும் சொல்லாது. இப்பதான் கேக்கத் தோணிச்சான்னு பாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "செண்பகத்தப் பாக்கணும். மாசி மாசத்துலருந்து அதையேதான கேட்டுக்கினு இருக்கறேன்" என்றாள்.

மாசியில் கரு தங்காமல் போய் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய் அம்மா. நான் லீவே கேட்கவில்லை. கதையின் முதல் அத்தியாயம் அந்த மாதம்தான் அச்சேற இருந்தது, பிழை திருத்த நான் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்படியும் அதில் பதினெட்டுப் பிழை. உன் அம்மாவைத் தனியாக அனுப்பவும் மனம் இல்லை, எனக்குச் சோறு யார் போடுவது என்று யோசித்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உனக்குத் தெரியவேண்டும்.

நேற்று ரயில்வே கூட்ஸ் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தேன். பெரிய குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, "போயிட்டு வாங்க, பத்து நாள் போதுமா?" என்றார். இதற்குத்தான் ஆறு மாதம். தேவசகாயமும் புது அத்தியாயத்தைப் படித்துவிட்டு, பூதத்தை மட்டும் கொன்றுவிடாதீர்கள் என்று கார்டு போட்டிருக்கிறார். ஐந்தாம் தேதி கிளம்பி, பட்டணத்தில் ஹௌரா மெயில் ஏறி, கரக்பூரில் வண்டி மாறி ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து சேருவோம். நான் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவேன், அவள் உன்னிடம் வேண்டிய மட்டும் இருக்கட்டும். கேப்பை மாவு அரைத்துக்கொண்டிருக்கிறாள், வேறு ஏதாவது வேண்டுமானால் தயங்காமல் எழுது.

வெறும் வயிற்றோடு வேலை செய்யாதே. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளையை மறக்காமல் ஸ்டேஷனுக்கு வரச்சொல், இந்திப் பலகை எங்களுக்குப் படிக்கத் தெரியாது. அம்மாவைப் பார்த்ததும் அழாதே என்று சொல்லமாட்டேன். நீங்கள் இருவரும் அழுது முடிக்கும் வரை நானும் மாப்பிள்ளையும் கடைத்தெருப் பக்கம் போய்விட்டு வருகிறோம்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
பாண்டுரங்கன்