கூப்பிடாத கடைசிப் பெயர்

இன்று காலை அரக்கைக் கருக்கிவிட்டேன். நகைக்கல்லை ஒட்டுவதற்காக அரக்குக் குச்சியை விளக்கில் காட்டிக்கொண்டே எங்கேயோ பார்த்திருக்கிறேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும், "ஏ ஊமைக்கோட்டான், அரக்கு அழுவுது பாரு" என்று பக்கத்திலிருந்து நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். மேஸ்திரிதான் சத்தம் போட்டார். அவர் சொன்னதில் ஊமைக்கோட்டான் இல்லை.

உன் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்து கல்லுக்குப் பட்டை தீட்டுகிறாள். நல்ல பெண்தான். கதை சொல்லத் தெரியாது.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைச் சந்தில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. யாராவது பெயர் கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொள்வேன். நீ தென்னூர்ப் பெண், எட்டாவது படித்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். "அக்கான்னு கூப்பிட்டே, குச்சியால குத்திடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாய். பெயர் சொல்லவும் எனக்குக் கூச்சம். அதனால் உன்னை எதைச் சொல்லியும் கூப்பிடாமலே இருந்துவிட்டேன்.

ரஷ்யாக்காரர்கள் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பிய செய்தியை மேஸ்திரி பேப்பரில் வாசித்த அன்றுதான் உன் கதை ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரம். நாய் திரும்பி வருமா வராதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாயே போவுதுன்னா நாம போக மாட்டோமா?" என்றாய் நீ. "ஒருநாள் பூமியில இடம் பத்தாம எல்லாரும் கப்பல் ஏறிக் கெளம்பத்தான் போறாங்க."

"எங்க போறதாம்?" என்றார் மேஸ்திரி.

"கார்த்திகை நட்சத்திரத்துக்கு. ஆறு இருக்குல்ல? ஆறும் ஆறு ஊரு. ஒண்ணுக்குப் புதுத் தென்னூர்னு பேரே வச்சாச்சு."

"கப்பல் எங்கேருந்து கெளம்பும், சத்திரம் பஸ் ஸ்டாண்டா?"

"ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்து மேலேருந்து. அதுக்குத்தானே பாதியில நிறுத்தி வச்சிருக்காங்க. இதுகூடத் தெரியாம மேஸ்திரியா இருக்கீங்க!"

சிரிப்பில் மேஸ்திரிக்குப் புரையேறி, நான்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கி, தினமும் கொஞ்சம் எழுதி வந்து படித்துக் காட்டினாய். ஏறுகிறவர்கள் யாரும் போய்ச் சேர மாட்டார்கள், அவர்களுடைய பேத்திகள்தான் அங்கே இறங்குவார்கள் என்று எழுதியிருந்தாய். கப்பலுக்குக் கல்லில் ஜன்னல் வைத்தாய். அதைத் தீட்ட ஆள் வேண்டும் என்பதால் நம் பட்டறைக்கு முதல் இடம். ஏறுகிறவர்களின் பட்டியலை வாசலில் நின்று வாசிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தாய். "அப்பவாவது இவ வாயத் தொறக்கட்டும்" என்றாய். கடைசிப் பெயரைக் கூப்பிடும் வரை கப்பலின் கதவு மூடாது என்பது ஒரு விதி. பெயர் கூப்பிட்டதும் அந்த ஆள் டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும், இருமல் இருந்தால் கீழே இறக்கிவிடுவார் என்பது இன்னொரு விதி. அது நீ கற்பனை செய்ததில்லை. இலங்கைத் தோட்டத்துக்குப் புறப்பட்ட உன் மாமாவை, கப்பல் ஏறும் முன் மண்டபம் முகாமில் ஒரு டாக்டர் அப்படித்தான் திருப்பி அனுப்பினாராம்.

நீ இரும ஆரம்பித்தபோது நான் பயப்படவே இல்லை. இங்கே எல்லோரும் இருமுகிறவர்கள்தான். கல்தூசி. வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள். வீட்டிலிருந்து தினமும் ஒரு துண்டு வெல்லத்தைத் தாவணி நுனியில் முடிந்துவந்து உனக்குக் கொடுத்தேன். நீயும் தின்றாய். ஐந்து மாதம் கொடுத்தேன்.

ஒருநாள் கல் நனைக்கும் கிண்ணத்தில் இருமிவிட்டாய். தண்ணீர் சிவந்தது. சட்டென்று சாக்கடையில் ஊற்றிவிட்டு, "வெத்தலைடி" என்றாய். உனக்கு வெற்றிலைப் பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். "மேஸ்திரிகிட்ட சொல்லிடாதே, கை ஆடும், பட்டை கோணிப்போகும்னு நிறுத்திடுவாரு" என்றாய். நான் தலையாட்டினேன். பேசாமல் இருப்பதுதான் எனக்கு வருமே. உன் அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் கொஞ்சம் பெரிய துண்டாக வெல்லம் எடுத்து வந்தேன்.

அன்று மட்டும் ஒன்று கேட்டேன். "கதையில அந்த டாக்டரை எடுத்துடேன்." நீ சிரித்தாய். "எழுதினதை மாத்தினா அப்புறம் எதுக்குடி கதை?"

தஞ்சாவூர் போகிற வழியில் உள்ள காசநோய் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சைகை காட்டிவிட்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் நீ, வாயை மூடித் துண்டு கட்டியிருந்தாய். யாரையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நடுவில் அவ்வளவு ஜனம். உன் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். என் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் எவ்வளவு சத்தமாகக் கூவினாள்! எனக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பஸ் போய்விட்டது. கையில் வெல்லம் பிசுபிசுத்தது.

நோட்டை உன் பலகைக்குக் கீழே எனக்காக வைத்துவிட்டுப் போயிருந்தாய். பட்டியலின் கடைசியில் உன் பெயர். அதற்குக் கீழே, "கடைசி ஆள் நான்தான். என்னை எப்படியாவது ஏத்திடு. இனிமே நீ எழுது" என்று இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், "அந்தப் பொண்ணு போயிடுச்சாம்" என்றார் மேஸ்திரி. என் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, "கல்லைப் பாரு" என்றார். பார்த்தேன்.

நோட்டில் இன்னும் நாலு பக்கம் காலி. எழுதிப் பார்க்காமல் இல்லை. உன் பெயரைக் கூப்பிட்டால் நீ டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும். உன் முதுகில் அவர் குழாயை வைத்துக் கேட்கிறார். எத்தனை தடவை எழுதினாலும் அவருக்கு இருமல் கேட்கிறது. ஒரு தடவை அவரைச் செவிடராக்கிப் பார்த்தேன். நீ கேலி செய்வாய் என்று கிழித்துவிட்டேன். உன்னைக் குணமாக்கியும் எழுதினேன். எழுதும்போதே அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்துவிட்டது.

அதனால் கூப்பிடவில்லை. சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மொட்டைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கிறேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. மேஸ்திரி உள்ளேயிருந்து, "என்னம்மா இன்னும், நேரமாவுதுல்ல?" என்று கத்துகிறார். நான் பட்டியலைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். இன்னும் ஒரு பெயர்தான். அதை நான் சொல்கிற வரைக்கும் கதவு மூடாது.